பால் கொட்டகையும் பாவசங்கீர்த்தனமும்

(ஈப்போவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கத்தோலிக்கரைக் கிண்டல் செய்ய நம் இந்து நண்பர்களிடம் ஒரு பேச்சு உண்டு. "உங்களுக்கு என்னப்பா, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், ஞாயிற்றுக்கிழமை நன்மை, திங்கட்கிழமை பழைய குருடி கதவைத் திறடி!" சொல்பவர் சிரிப்பார், கேட்பவரும் சிரித்துவிடுவார். சிரித்து முடித்த பிறகு யோசித்தால், இந்தக் கிண்டலில் நியாயம் இருக்கிறது. கத்தோலிக்கர் பலர் நடந்துகொள்ளும் விதம் இப்படித்தான். ஆனால் திருச்சபை இப்படிப் போதிக்கவில்லை. அதன் போதனையில் கடினமான பகுதி ஒன்று உண்டு. அதை நாம் மெல்ல மெல்லக் கைகழுவிவிட்டோம். அந்தப் பகுதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதைப் பேசப் பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. காரணம் போகப் போக விளங்கும்.

முதலில் போதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவையில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருக்கிறீர்கள்.

திருமுழுக்குப் பெற்ற ஒருவர் அதன் பிறகு கனமான பாவம் செய்தால், அது கடவுளோடும் திருச்சபையோடும் உள்ள உறவை முறிக்கிறது. அந்த முறிவைச் சரிசெய்யும் திருவருட்சாதனமே பாவசங்கீர்த்தனம். இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, தூய ஆவியைத் தந்து, மன்னிக்கவும் மன்னிக்காதிருக்கவும் அதிகாரம் கொடுத்ததாக யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. இதற்கு அடிப்படை அதுதான். மன்னிப்பவர் கடவுள். குருவானவர் அவர் பெயரால் சொல்கிறார். பாவி செய்ய வேண்டியவை மூன்று என்று 1551 நவம்பர் 25 அன்று திரெந்துப் பொதுச்சங்கம் தன் 14ஆம் அமர்வில் வரையறுத்தது: மனம் வருந்துதல், பாவத்தை வாய்விட்டுச் சொல்லுதல், பரிகாரம் செய்தல். பழைய ஞானோபதேசம் படித்தவர்கள் இதை ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை என்று இன்னும் விரித்து ஒப்பிப்பார்கள். எண்பது வயதுப் பாட்டிமார் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வார்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்காதீர்கள், அருள்தந்தையர் முகம் வாடிவிடும்.

இந்த மூன்றில் கடைசியான பரிகாரம்தான் சிக்கல்.

வரலாற்றின் பெரும்பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். முதல் நூற்றாண்டுகளில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்றவற்றுக்குப் பகிரங்கத் தவம் இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். தவசிகள் கோயில் வாசலில் நின்றார்கள், ஆண்டுக்கணக்கில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்காமல் காத்திருந்தார்கள். ஒரு முறைதான் என்பதால் பலரும் சாகும் தறுவாய் வரை தள்ளிப்போட்டார்கள். பிறகு அயர்லாந்துத் துறவிகள் வந்தார்கள். தனியாக, ரகசியமாக, எத்தனை முறை வேண்டுமானாலும் பாவத்தைச் சொல்லலாம் என்ற வழக்கத்தை ஐரோப்பா எங்கும் பரப்பினார்கள். இந்தப் பாவத்துக்கு இத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் என்று விலைப்பட்டியல் போலவே கையேடுகள் எழுதினார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சட்டமாக்கியது. நமக்குப் பழக்கமான, நடுவில் கம்பித்தட்டி வைத்த மரத் தொட்டி 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரொமேயோ பரவலாக்கியது. 1973இல் புதிய சடங்குமுறை வந்தது. முகம் பார்த்துப் பேசலாம், விவிலியம் வாசிக்கலாம் என்று இளகியது.

தமிழில் அச்சுக்கலை பிறந்த கதையிலும் பாவசங்கீர்த்தனத்துக்கு இடம் உண்டு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கஸ், அடுத்த ஆண்டு கொச்சியில் இன்னொரு மறைக்கல்வி நூலை அச்சிட்டார். அதற்கும் அடுத்து 1580இல் அவர் வெளியிட்டது பாவசங்கீர்த்தனக் கையேடு. தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களில் ஒன்று, 'நான் என்ன தப்புச் செய்தேன்' என்று ஒரு முத்துக்குளிக்கும் பரதவர் தன்னையே கேட்டுக்கொள்வதற்காக எழுதப்பட்டது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அந்தப் பரதவர் வாழ்ந்த கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் பேச ஆள் துணை வேண்டியிருந்தது. என்றிக்கஸோ, நடுவில் ஆள் இல்லாமலே மக்களின் பாவங்களைக் கேட்கும் அளவுக்குத் தமிழ் படித்தார்.

இந்த 'நடுவில் ஆள்' விஷயம் மலாயாவுக்கும் வந்தது. பாகான் செராயில் 1880களில் நிலம் பெற்று, தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே சூசைப்பாளையத்தை அமைத்தவர் பாரிஸ் மறைபரப்புச் சபையின் ரெனே ஃபே. 1896இல் மலாக்காவின் ஆயராகி 1904இல் இறந்தார். அவரைப் போலத் தமிழர் நடுவிலேயே வாழ்ந்த பிரெஞ்சுச் சாமியார்களுக்கு மொழி வசப்பட்டது. எல்லாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. சீனருக்கும் தமிழருக்கும் ஐரோப்பியருக்கும் ஒரே குருவானவர் என்ற நிலையில், ஒருவர் எத்தனை மொழிதான் படிப்பார்? இன்றைய திருச்சபைச் சட்டம் 990, மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்கிறது. 983 அந்த மொழிபெயர்ப்பாளருக்கும் வாய்ப்பூட்டுப் போடுகிறது. மொழிபெயர்க்கும் உபதேசியார் பக்கத்து லயத்து வீட்டுக்காரராக இருந்தால் அந்தப் பூட்டு எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

இனி பால் கொட்டகைக்கு வருவோம்.

தோட்டத்தில் வாழாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். விடியுமுன் பெரட்டுக் களம். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். வெளிச்சம் வருவதற்குள் நிரைக்குப் போய் மரம் சீவ வேண்டும், வெயில் ஏறினால் பால் கட்டிவிடும். சீவி முடித்துப் பசியாறிவிட்டு, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளிகளில் நிரப்பி, தோளில் காண்டாத் தடியில் தூக்கியோ சைக்கிளில் கட்டியோ கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். அங்கே கணக்கு எழுதும் கிராணி. வாளியைத் தராசில் மாட்டுவார். எடை சொல்வார். பிறகு பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கக் கொஞ்சம் பாலைத் தனியே எடுத்து, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை இறக்குவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைப் பார்த்துக் கணக்குப் போட்டு, காய்ந்த ரப்பர் இத்தனை ராத்தல் என்று எழுதுவார். மாதக் கடைசியில் சம்பளம் அந்த எழுத்தின்படிதான்.

அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் கொட்டகையில் ஒருவர்தான். வாளி தூக்கி வந்த அம்மாவுக்கு, தன் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டது என்பதே தெரியாது. கோடு ஒரு நூல் கீழே இறங்கினால் யாருக்குத் தெரியும்? தாமதமாக வந்தவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. சிரித்துப் பேசியவருக்கு, கோழி கொண்டுவந்து கொடுத்தவருக்கு முழுப்பேர். எல்லாக் கிராணியும் இப்படி இருந்ததாக நான் சொல்லவில்லை. தன் கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கிராணிமார் உண்டு. ஆனால் எடைக்கள்ளம் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லாத சொல்.

தொழிலாளி மட்டும் சும்மாவா இருந்தார்? பாலில் தண்ணீர் ஊற்றியவர் உண்டு. ஒட்டுப்பாலில் மண்ணையும் பட்டையையும் சேர்த்து எடை கூட்டியவர் உண்டு. கூடுதல் பாலுக்காக மரத்தை ஆழச் சீவிக் காயப்படுத்தியவர் உண்டு. இன்னும் மேலே போனால் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி, முன்பணக் கணக்கை என்றைக்கும் தீராமல் பார்த்துக்கொண்டதும் உண்டு. அதற்கும் மேலே துரை, அவருக்கும் மேலே லண்டனில் பங்குதாரர்.

இப்போது யோசியுங்கள். எடை குறைத்த கிராணியும் எடை குறைந்த அம்மாவும் ஒரே மதமாக இருந்தால், மாதம் ஒரு முறையோ அதற்கும் அரிதாகவோ சாமியார் வரும் நாளில், இரண்டு பேரும் ஒரே கோயிலில் ஒரே வரிசையில் நிற்பார்கள். இரண்டு பேரும் முழந்தாளிடுவார்கள். இரண்டு பேருக்கும் பாவப் பொறுத்தல் கிடைக்கும். வெளியே வந்ததும் கிராணியின் மனம் லேசாகிவிடும். அம்மாவின் கையில் வந்த சம்பளமும் லேசாகத்தான் இருக்கும்.

இங்கேதான் நாம் கைகழுவிய பகுதி வருகிறது. களவாடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை பாவசங்கீர்த்தனத்தால் நீங்குவதில்லை. பையன் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டான், அப்பாவிடம் அழுதான், அப்பா மன்னித்துவிட்டார் என்று வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கூண்டு இன்னும் காலிதான். இதைத்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணில் சொல்கிறது: மன்னிப்புப் பாவத்தைப் போக்குகிறது, பாவம் விளைவித்த எல்லாச் சீர்கேட்டையும் அது சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்ப வேண்டும், கெடுத்த பெயரை மீட்க வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும். 2412ஆம் எண்ணில் சக்கேயுவையே சாட்சிக்கு அழைக்கிறது. எரிகோவின் வரிதண்டுவோன், மரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்தவன், தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும் ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகவும் தருவதாகச் சொன்னான் அல்லவா? லூக்கா நற்செய்தியைக் கவனித்துப் படியுங்கள். அந்தப் பேச்சு வந்த பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் சொல்கிறார்.

புனித அகுஸ்தீனார் இன்னும் கறார். திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவன் மனம் வருந்தவில்லை, வருந்துவதாக நடிக்கிறான் என்பது அவர் கருத்து. மனஸ்தாபம் பொய்யானால் மன்னிப்பும் நிற்காது. ஆகவே "மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லு" என்று குருவானவர் சொல்லும் அபராதம், கடனுக்கு மாற்று அல்ல. அது தவம். கடன் தனிக் கணக்கு.

குருவானவர் அந்தக் கணக்கை எப்படிக் கையாள்வார்? கிராணியைப் பார்த்து, "போய் அந்த அம்மா காலில் விழு, ஊருக்கெல்லாம் சொல்" என்று கட்டாயப்படுத்த மாட்டார். தன் மானத்தைத் தானே சந்தி சிரிக்க வைக்க வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. எடுத்தது போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும். பெயரில்லாமல் அனுப்பலாம், அடுத்த மாத எடையில் கூட்டி எழுதலாம், ஏன், குருவானவர் கையிலேயே கொடுத்து உரியவரிடம் சேர்க்கச் சொல்லலாம். அப்படி யாரிடமிருந்து என்று சொல்லாமல் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது குருக்களிடையே பழைய வழக்கம்.

இவ்வளவும் செய்ய முடிவதற்குக் காரணம் பாவசங்கீர்த்தன ரகசியம். 983ஆம் சட்டம் அதை மீறவே கூடாதது என்கிறது. நேரடியாக மீறும் குருவானவர் அந்தக் கணமே சபைவிலக்கத்துக்கு உள்ளாகிறார், அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டும். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதைப் பாதுகாக்கிறது. குருவானவரிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பிரிவு அதில் இல்லை. நீதிமன்றம் கேட்டால் குருவானவர் வாய்மூடிச் சிறைக்குப் போகத்தான் வேண்டும்.

ரகசியம் என்றவுடன் சிலருக்கு முகம் சுருங்கும் என்பது தெரியும். 2018இல் கேரளத்தில், கத்தோலிக்கர் அல்லாத ஒரு சபையின் குருக்கள் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கொண்டு ஒரு பெண்ணை மிரட்டிக் கெடுத்ததாக வழக்கு வந்தது. இந்தியாவின் தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒழிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கோபத்தை 'மதத்தில் தலையீடு' என்று மட்டும் சொல்லித் தள்ளுவது மானக்கேடு. ஆபத்து உண்மையானது என்பதைத் திருச்சபைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. கற்புக்கு எதிரான பாவத்தில் தன்னோடு உடந்தையாக இருந்த ஆளுக்குக் குருவானவர் மன்னிப்பு வழங்கினால் அது செல்லாது, மரண ஆபத்து தவிர. 977ஆம் சட்டம். பாவசங்கீர்த்தனத்தைச் சாக்காக வைத்துப் பாவத்துக்கு அழைக்கும் குருவுக்குத் தண்டனை தனியே உண்டு. இவ்வளவு கடுமையான சட்டங்களை யாரும் பொழுதுபோகாமல் எழுதுவதில்லை. நடந்ததால் எழுதினார்கள்.

தோட்டத்துக்குத் திரும்புவோம். தோட்டம் இருந்தவரை, திருப்பிக் கொடுப்பது கடினமே தவிர, யாருக்கு என்ற குழப்பம் இல்லை. எதிர் லயத்தில் இருந்தார்கள். பிறகு தோட்டம் கலைந்தது.

1950களிலும் 60களிலும் ஆங்கிலேயக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டன. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் தமிழ்நாட்டுக்கே கப்பல் ஏறினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. சுங்கை சிப்புட், செம்மோர், சுங்கை, பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள் இன்று புந்தோங்கில், கிள்ளானில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். லயம் இருந்த இடம் தேடிப் போனால் செம்பனைதான் நிற்கும். எடை குறைந்த அம்மா எங்கே? அவருடைய பிள்ளைகள் எங்கே?

இந்தக் கேள்விக்குத் தோமா அக்குயினார் 13ஆம் நூற்றாண்டிலேயே விடை எழுதிவைத்தார். அவருடைய 'இறையியல் தொகுப்பு' நூலில், திருப்பிக் கொடுத்தலுக்கென்றே ஒரு முழுப் பகுதி இருக்கிறது. உரியவர் தொலைவில் இருந்தால் அனுப்பி வை. இறந்துவிட்டால் வாரிசிடம் கொடு. யாரென்றே தெரியாவிட்டால், கவனமாகத் தேடிய பிறகு, அவருடைய நலனுக்காக ஏழைகளுக்குக் கொடு. 'கவனமாகத் தேடிய பிறகு' என்ற நிபந்தனையை நம்மவர்கள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நேரே கோயிலுக்குக் காற்றாடி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் இறக்கையில் உபயம் என்று குடும்பப் பெயர். மன்னியுங்கள், அது பரிகாரம் ஆகாது. முதலில், உரியவர் யாரென்று தெரியாத நிலை அங்கே இல்லை. வாட்ஸ்அப்பில் பழைய தோட்டத்துக் குழுக்கள் இருக்கின்றன, ஒரு செய்தி போட்டால் பேரன் பேத்தி கிடைத்துவிடுவார்கள். இரண்டாவது, கோயில் ஏழை அல்ல. அப்படியே யாரும் கிடைக்கவில்லை என்றாலும், போக வேண்டியது அந்தத் தோட்டத்து ஏழைகளின் வழிவந்தவர்களுக்கு: ஒரு தமிழ்ப்பள்ளிக்கு, டயாலிசிஸ் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் ஒரு பழைய பால்மரத் தொழிலாளிக்கு.

நேர்த்திக்கடனையும் இதோடு குழப்பிக்கொள்கிறோம். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மெழுகுதிரியோடு போகிறோம். தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி தூக்கும் நம் உறவுகளும் இதே ஈப்போவில்தான் இருக்கிறார்கள். உடலை வருத்துவது தெய்வத்துக்குச் செலுத்துவது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அயலானுக்குச் செலுத்த வேண்டியதை அன்னம்மாளும் வாங்கிக்கொள்ள மாட்டார், முருகனும் வாங்கிக்கொள்ள மாட்டார். நடுவுநிலைமையைச் சொல்ல வந்த திருவள்ளுவர் துலாக்கோலைத்தான் கையில் எடுத்தார். பால் கொட்டகையில் தொங்கியதும் ஒரு தராசுதான்.

லண்டன் பங்குதாரருக்கு என்ன வழி? இதில் எனக்கே முழு நிறைவான விடை இல்லை. 1984இல் இரண்டாம் யோவான் பவுல் 'ஒப்புரவும் தவமும்' என்ற ஊக்கவுரையில் சமூகப் பாவத்தைப் பற்றிப் பேசினார். அமைப்புகள் பாவம் செய்வதாகச் சொல்லும்போது, உண்மையில் பல தனிமனிதர்களின் பாவம் சேர்ந்து குவிந்ததையே சொல்கிறோம் என்றார். பொறுப்பை அமைப்பின் தலையில் கட்டிவிட்டு ஆட்கள் நழுவிவிடக் கூடாது என்பது அவர் கவலை. நியாயம்தான். ஆனால் குவிந்த பிறகு அதைப் பிரித்துத் தருவது யார்? ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழியே ஆள் எடுப்பது 1938இல் இந்திய அரசு தடுத்ததால் நின்றது. சயாம் மரண ரயில்பாதைக்கு ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இவற்றுக்கெல்லாம் கம்பெனி முழந்தாளிட முடியாது, அதற்கு முழங்கால் இல்லை. 2000 மார்ச் 12 அன்று அதே திருத்தந்தை, திருச்சபையின் பிள்ளைகள் நூற்றாண்டுகளாகச் செய்த பாவங்களுக்காக உரோமையில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு கேட்கப்பட்டது, ஈடு பேசப்படவில்லை. அதுவே ஒரு தொடக்கம் என்கிறவர்கள் உண்டு. அரைப்பேர்தான் போட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தோட்டம் போனாலும் எடைக்கள்ளம் போகவில்லை, வேறு சட்டை போட்டிருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்குப் பிடித்துவிட்டு, அங்கே கட்டாமல் இருக்கும் முதலாளி நம்மவரிலும் இருக்கிறார். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுப் பணம் என்ற சீட்டு முறையைத் தடை செய்தது. தடை செய்து என்ன, எந்தத் தாமானில் கூட்டு இல்லை? முதல் கூட்டை எடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவர், வேறு ஊர்க் கோயிலில் முன்வரிசையில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். வெளிநாட்டுத் தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் தமிழ் உணவக முதலாளி, தன் தாத்தாவைக் கங்காணி எப்படி வைத்திருந்தான் என்று கண்கலங்கப் பேசுவார். மறைக்கல்வியின் 2409ஆம் எண் நியாயமற்ற கூலியையும் களவென்றே எழுதியிருக்கிறது. தவக்காலத்தில் நம் பங்குகளில் பல குருக்கள் ஒன்றுகூடி, தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் வரிசை பிரித்து உட்காருகிறார்கள். வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள் என்பதை எந்தக் குருவும் எனக்குச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஆத்தும சோதனைக்கென்று நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளில் 'பூசைக்குப் போகாதது', 'பொய் சொன்னது', 'கெட்ட வார்த்தை பேசியது' மட்டும்தான் வரிசையாக இருக்கின்றன என்றால், பெரியவர்களான பின்னும் அதே பட்டியலைத்தான் சொல்வார்கள்.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில்கள் மூடின. இரண்டு நாள் கழித்து உரோமையின் பாவமன்னிப்பு அலுவலகம் ஒரு குறிப்பு வெளியிட்டது. குருவானவரை அணுக முடியாதபோது, கடவுள்மேல் உள்ள அன்பினால் எழும் முழுமையான மனஸ்தாபம், முடிந்த விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு இருந்தால், சாவான பாவத்துக்கும் மன்னிப்பைப் பெற்றுத் தரும் என்று நினைவூட்டியது. பத்திரிகைகள் இதைப் புதுச் சலுகைபோல எழுதின. திரெந்துச் சங்கம் சொன்னதுதான் அது. சாமியார் எப்போது வருவார் என்று தெரியாத தோட்டத்தில், மரண அவஸ்தையில் கிடப்பவரின் காதருகே உபதேசியார் குனிந்து மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்ததும் இதே நம்பிக்கையில்தான். ஆனால் அங்கேயும் நிபந்தனை மாறாது. பிழைத்து எழுந்தால் சங்கீர்த்தனமும் பாக்கி, திருப்பிக் கொடுக்க வேண்டியதும் பாக்கி.

கடைசியாகச் சட்டக் கேள்வி ஒன்று. என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது. "ஐம்பது வருடம் ஆகிவிட்டதே, இன்னுமா கடன்?"

நம் நாட்டின் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு. அதற்குமேல் வழக்குப் போட முடியாது. திருச்சபைக்கு அந்த ஆறு ஆண்டு பொருட்டல்ல. ஆண்டுக்கொரு பாவசங்கீர்த்தனத்தை 21ஆம் விதியில் கட்டாயமாக்கிய அதே 1215ஆம் ஆண்டுச் சங்கம், 41ஆம் விதியில் இன்னொன்றையும் சொல்லிவைத்தது: நல்ல நம்பிக்கை இல்லாமல் வைத்திருப்பவருக்குக் காலம் கடந்ததால் எந்த உரிமையும் பிறக்காது. இன்றைய 198ஆம் சட்டமும் அதுவே. அடுத்தவருடையது என்று தெரிந்தே வைத்திருந்தால், நூறு ஆண்டானாலும் அது அடுத்தவருடையதுதான்.

"செய்தவர் எங்கள் அப்பா, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு என்ன?" பாவம் உங்களுடையது அல்ல. அதை நீங்கள் சங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எடைக்காசில் வாங்கிய நிலமோ வீடோ உங்கள் பெயருக்கு வந்திருந்தால், அதோடு கடனும் வந்திருக்கிறது. எவ்வளவு வரை? வந்த சொத்தின் மதிப்பு வரை. அதற்குமேல் ஒரு சல்லியும் உங்களைக் கேட்க முடியாது. அப்பா எதுவுமே விட்டுப்போகவில்லை என்றால், உங்களுக்கு அதில் கடன் இல்லை.